மாதிரி எடுத்தவர் கையொப்பம்

என் குதிகால் வலியைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் ரொம்ப காலம் அதன் மேல்தான் பழியைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அரசாங்கத்தின் தண்ணீர் ஆய்வுக்கூடம் ஒன்றில் மாதிரி எடுப்பவனாக இருந்தேன். கேட்பதற்குச் சுலபமான வேலை. குறித்த இடத்துக்குப் போக வேண்டும், புட்டியில் தண்ணீர் பிடிக்க வேண்டும், மூடியின் மேல் பழுப்புத் தாளைப் போட்டுச் சணலால் கட்ட வேண்டும், சீட்டு ஒட்டிக் கையெழுத்துப் போட வேண்டும், ஐஸ் கரைவதற்குள் திரும்பி வர வேண்டும். தண்ணி மொள்ளுவதற்கு ஒரு சர்க்கார் உத்தியோகமா என்று என் மாமனார் கேட்பார். மரத்தூளும் ஐஸும் அடைத்த மரப்பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரே ஒரு நாள் அவர் எண்ணூர் வரை வந்திருந்தால் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார்.

விடிந்தும் விடியாமலும் கும்மிடிப்பூண்டி வண்டியைப் பிடிப்பேன். பேசின் பிரிட்ஜ் தாண்டும்போதே சட்டைக் காலரில் கரி படிந்துவிடும். திருவொற்றியூரில் இறங்கி, கால்வாயில் இரண்டு இடத்தில் தண்ணீர் எடுப்பேன். அதைத் தண்ணீர் என்று சொல்வது ஒரு வழக்கம், அவ்வளவுதான். ஒரு வாரம் ஊதாவாக இருக்கும், ஒரு வாரம் நுரைத்துக்கொண்டிருக்கும். அங்கிருந்து அடுத்த வண்டியில் எண்ணூர். முகத்துவாரத்தில் படகுக்காரரைக் கெஞ்சி நடு ஆற்றில் ஒன்று, கழிமுகத்தில் ஒன்று. கடைசியாக, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, கரையோரக் குப்பங்களின் கிணறுகள்.

ஆறு வருஷம் இப்படி நடந்தேன். நான் சுமந்து வந்த தண்ணீரெல்லாம் எண்களாக மாறிப் பதிவேட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. அந்த எண்களை யார் படித்தார்கள், படித்து என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. கால்வாய் மட்டும் போன வாரத்தைவிட இந்த வாரம் கொஞ்சம் கறுப்பாக இருந்தது. முதல் வருஷம் கோபம் வந்தது. மூன்றாவது வருஷம் கோபம் போய் எரிச்சல் வந்தது. ஆறாவது வருஷத்தில் குதிகால் வலி மட்டும்தான் மிஞ்சியது.

அந்தக் குப்பம் எண்ணூருக்கு இந்தப் பக்கம், கடலுக்கும் கால்வாய்க்கும் நடுவில் இருந்தது. நாற்பது வீடு இருக்கும். எல்லோருக்கும் பொதுவாக ஒரு கிணறு. பக்கத்தில் ஒரு தொழிற்சாலை வந்து, அதன் கழிவு ஓடை கிணற்றை ஒட்டி ஓட ஆரம்பித்த பிறகு தண்ணீர் கெட்டுப்போனது. வாளியை மேலே இழுத்தால் ஓரத்தில் எண்ணெய் வளையம் நிற்கும், முட்டை அழுகின நாற்றம் அடிக்கும். துணி துவைக்கக்கூட ஆகாது. குடிக்கிற தண்ணீருக்குப் பெண்கள் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த குழாயடிக்குப் போனார்கள். போக ஒரு மணி நேரம், வரிசையில் நிற்க ஒரு மணி நேரம், இடுப்பில் குடத்தோடு மணலில் திரும்பி வர ஒன்றரை மணி நேரம். இத்தனைக்கும் அதே தொழிற்சாலைக்கு நல்ல தண்ணீர் கொண்டுபோகும் பெரிய குழாய் குப்பத்தின் வாசல் வழியாகத்தான் போயிற்று. அதிலிருந்து தெருவுக்கு ஒரே ஒரு குழாய் வேண்டும் என்று அவர்கள் மனுப் போட்டார்கள். மனு பல மேசைகளில் குந்தி எழுந்து, கடைசியில் எங்களிடம் வந்தது. கிணற்றுத் தண்ணீரைச் சோதித்துச் சொல்லவும் என்று ஒரு வரி. அந்தக் கிணற்றை எங்கள் சுற்றில் சேர்த்தது அப்போதுதான். தண்ணீர் கெட்டது என்று நாங்கள் எழுதினால் குழாய் வரும், நல்லது என்று எழுதினால் வராது. அவ்வளவு சுலபமாக ஒரு காரியம் எங்கள் கைக்கு வந்ததே இல்லை.

நான் போன நாள் பங்குனி வெயில். அந்தக் கிணறுதான் சுற்றின் கடைசி இடம். ஆண்கள் கடலில் இருந்தார்கள். ஊர்த் தலைவர் எங்கேயோ பஞ்சாயத்துக்குப் போயிருந்தார். மணலில் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் குதிகாலில் ஆணி அடித்தது. ஒரு பூவரச மரத்தடியில் பெட்டியை இறக்கி வைத்து உட்கார்ந்தவன் உட்கார்ந்தவன்தான். கிணறு இன்னும் நூறு அடி தள்ளி வெயிலில் இருந்தது. சட்டப்படி நான் எழுந்து போய், கல் கட்டிய என் கயிற்றில் புட்டியைக் கட்டி, கிணற்றுக்குள் விட்டு, நானே எடுக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து எதிர் வீட்டிலிருந்து ஒரு பெண் வந்தாள். என் வயதுதான் இருக்கும், முப்பது முப்பத்திரண்டு. நான் தண்ணி சோதிக்கிற ஆபீசிலிருந்து வந்திருக்கிறேன் என்றதும் முகம் மலர்ந்து, வா நைனா, வா என்றாள்.

நான் எழுந்திருக்கவில்லை. புட்டிகளை எடுத்து நீட்டி, "யக்கா, இதுல தண்ணி ரொப்பிக் குடு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். எந்தத் தண்ணீர், எங்கிருந்து, எதற்கு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. கிணற்றைச் சோதிக்க வந்தவனிடம் கிணற்றுத் தண்ணீரைத் தவிர வேறு எதைக் கொடுப்பார்கள்?

அவள் புட்டிகளைக் குழந்தையை வாங்குவது மாதிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திரும்பி வந்தபோது புட்டிகள் கழுத்து வரை நிரம்பியிருந்தன. வெளிப்புறத்தை முந்தானையால் பளபளவென்று துடைத்திருந்தாள். கூடவே ஒரு அலுமினிய டம்ளரில் எனக்குக் குடிக்கத் தண்ணீர். ஒரே மூச்சில் குடித்தேன். இன்னொரு டம்ளர் கேட்டு அதையும் குடித்தேன். ஜில்லென்று, துளி நாற்றமில்லாமல், தேவாமிர்தமாக இருந்தது.

இதை எழுதும்போது இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்திருக்க வேண்டும். நாக்கு இருக்கிறது, மூக்கு இருக்கிறது, ஆறு வருஷ அனுபவம் இருக்கிறது. நான் யோசித்தது அடுத்த வண்டிக்கு எத்தனை மணி என்பதை மட்டும்தான். சீட்டில் இடம், நேரம் எல்லாம் எழுதி, 'மாதிரி எடுத்தவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

பத்து நாளில் முடிவு வந்தது. உப்பு அளவுக்குள், நாற்றம் இல்லை, எண்ணெய் இல்லை, கிருமி இல்லை, குடிக்க உகந்தது. எங்கள் கெமிஸ்ட் நல்ல மனிதர், ஆனால் புட்டிக்குள் இருப்பதைத்தான் பார்ப்பார், புட்டி எங்கிருந்து வந்தது என்பது அவர் இலாகா அல்ல. மேலே அனுப்பினார். மனு நிராகரிக்கப்பட்டது. எனக்கு இதெல்லாம் அப்போது தெரியாது. என் கையை விட்டுப் போன புட்டிகளை நான் விசாரிக்கிற பழக்கமே இல்லை.

மூன்று மாதம் கழித்து வழக்கமான சுற்றில் மறுபடியும் அந்தக் குப்பத்துக்குப் போனேன். இந்தத் தடவை ஆண்கள் இருந்தார்கள். தலைவர் ஒரு கடிதத்தை என் மூக்குக்கு முன்னால் நீட்டினார். அவருக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் அதில் என்ன இருக்கிறது என்று வரிக்கு வரி தெரியும். அந்தக் கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று எழுதினவன் யார், அவன் ஒரு வாய் குடித்துக் காட்டட்டும் என்று சத்தம் போட்டார். சுற்றிலும் கூட்டம் சேர்ந்துவிட்டது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் எடுத்தது உங்கள் கிணற்றுத் தண்ணீர்தானே என்று சொல்ல வாயைத் திறந்தேன். கூட்டத்துக்குப் பின்னால் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"நான்தான் குடுத்தேன்" என்றாள். எல்லோரும் திரும்பினார்கள். "எங்கூட்டு கொடத்துலேந்து ரொப்பிக் குடுத்தேன். அவ்ளோ சுத்தமா பாட்டில் கொண்ணாந்துகீறாரு. ஆபீசருங்க வாயில வெச்சிப் பாப்பாங்கன்னு நென்ச்சேன். தண்ணி கேட்டு வந்தவருக்கு அந்த கலீஜ எப்டி ரொப்பிக் குடுக்கறது?"

காலையில் மூன்றரை மணி நேரம் நடந்து நின்று சுமந்து கொண்டுவந்த குடத்தை, பிள்ளைகளுக்கு வைத்திருந்த தண்ணீரை, என் இரண்டு புட்டியிலும் என் வயிற்றிலும் ஊற்றியிருக்கிறாள். அன்று அவள் வீட்டில் யார் தாகத்தோடு இருந்தார்களோ. அந்த மரியாதைக்குத்தான் ஊருக்கு வர இருந்த குழாய் போயிற்று. பிறகு எல்லோரும் அவளைத் திட்ட ஆரம்பித்தார்கள். என்னை யாரும் திட்டவில்லை. புட்டியைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தவனின் மேல் குற்றம் இருக்கிறது என்று அந்தக் கூட்டத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது, மென்று விழுங்கினேன்.

அன்று நானே கிணற்றடிக்குப் போனேன். கயிற்றை விட்டு, புட்டியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, விதிப்படி எடுத்தேன். நாற்றம் தாங்க முடியவில்லை. திரும்பும் வண்டியில் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இந்த முடிவு வந்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும், பழையதைக் கிளற வேண்டியதில்லை. நான் அப்போது தற்காலிக ஊழியன். ஆறு வருஷத்துக்குப் பிறகு, என்னை நிரந்தரமாக்கும் காகிதம் ஆய்வுக்கூடத்துப் பெரியவருடைய மேசைக்கு வந்திருந்தது. எடுக்காத மாதிரிக்குக் கையெழுத்துப் போட்டேன் என்று சொல்ல அதைவிட மோசமான நேரம் இருக்க முடியாது.

இரண்டாவது முடிவு நான் எதிர்பார்த்தபடியே வந்தது. உப்பு ஏறியிருந்தது, எண்ணெய் இருந்தது, எல்லாமே இருந்தது. கெமிஸ்ட் அதையும் மேலே கொண்டுபோனார். ஆய்வுக்கூடத்தின் பெரியவர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கிணறு என்றால் ஒரு நாள் நன்றாக இருக்கும், ஒரு நாள் கெட்டிருக்கும் என்றார். பென்சிலை எடுத்து இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தார். சராசரி, அனுமதித்த அளவுக்கு ஒரு மயிரிழை உள்ளே வந்தது. பழைய முடிவை மாற்றத் தேவையில்லை என்று ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ரயில்வே கேட்டுக் குழாயையும் குப்பத்துக் கிணற்றையும் சரிபாதியாகக் கலந்து ஒரு தண்ணீரைத் தயார் செய்துவிட்டார். உலகத்தில் எங்கேயும் இல்லாத அந்தத் தண்ணீரைத்தான் அந்த நாற்பது வீடும் இனிமேல் குடிக்க வேண்டும்.

நான் அவர் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தேன். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வெளியே வந்து வராந்தாவில் உட்கார்ந்தேன். அன்று இருந்த அலுப்பை என் ஆயுளில் மறுபடி அனுபவித்ததில்லை. வேலை செய்து வருகிற அலுப்பு தூங்கினால் போய்விடும். இது தூங்கி எழுந்தாலும் அப்படியே பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. வீட்டில் மனைவி, சாப்பிடாமல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்கிறீர்களே என்பாள். உப்பு சரியில்லை என்று அவள் மேல் எரிந்து விழுவேன்.

இரண்டு மாதம் இப்படியே போயிற்று. கிணற்றுச் சுற்று வரவில்லை என்றாலும் முகத்துவாரத்துக்கு வாராவாரம் போகத்தானே வேண்டும். ஒரு நாள் எண்ணூர் ஸ்டேஷனுக்கு வெளியே அந்தப் பெண்ணைப் பார்த்தேன். இடுப்பில் குடம், தனியாக வந்துகொண்டிருந்தாள். குழாயடிக்குப் பெண்கள் கும்பலாகத்தான் போவார்கள், பேசிக்கொண்டே நடந்தால் தூரம் தெரியாது. எங்கே மற்றவர்கள் என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"யாரும் என்னாண்ட பேசறதில்ல நைனா. ஒன்னாலதான் கொழா போச்சின்றாங்கோ" என்றாள். குடத்தை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "அத்த வுடு. என்னால உனுக்கு ஆபீஸ்ல இன்னா பேஜாரு ஆச்சோன்னுதான் எனுக்கு ரோசனை. ஒண்ணும் ஆவலியே?"

ஒண்ணும் ஆவலக்கா என்றேன். அவளுக்கு உண்மையாகவே நிம்மதியாக இருந்தது, முகத்தில் தெரிந்தது. ரயில்வே கேட்டைத் தாண்டி அவள் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். என்னை யாராவது பிடித்து நாலு அறை அறைந்திருந்தால் தேவலை போலிருந்தது.

அன்று சாயங்காலமே கெமிஸ்டிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தப் பொம்பளை தண்ணியை மாத்திக் குடுத்து ஏமாத்திட்டான்னு எழுதிக் குடுங்க. உங்களுக்கும் பாதகமில்லை, ஃபைலும் திறக்கும்" என்றார். எனக்கு நல்லது நினைத்துத்தான் சொன்னார். நானும் அப்படித்தான் முதலில் எழுதினேன், வெட்கமில்லாமல். அழகான கையெழுத்தில் முழுசாக எழுதி முடித்துவிட்டுப் படித்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டவளை அந்தத் தாளில் நான் திருடி ஆக்கியிருந்தேன். கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாளில் நாலே வரி எழுதினேன். முதல் மாதிரியை நான் எடுக்கவில்லை. எங்கிருந்து எடுக்க வேண்டும் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லவும் இல்லை. நான் மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். அது கிணற்றுத் தண்ணீர் அல்ல.

பெரியவர் படித்துவிட்டு என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எடுக்காததை எடுத்ததாகக் கையெழுத்துப் போட்டவன், இரண்டாவதை மட்டும் எடுத்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்றார். கேள்வி நியாயமானது. இரண்டு முடிவுகளும் ரத்தாயின. வேறொரு ஆளை அனுப்பி மூன்றாவது மாதிரி எடுக்கச் சொன்னார். என்னை வெளிவேலையிலிருந்து எடுத்துப் புட்டி கழுவும் அறையில் போட்டார்கள். நிரந்தரமாக்கும் காகிதம் மேசையிலிருந்து இறங்கி அலமாரிக்குள் போயிற்று.

புட்டி கழுவும் அறை ஆய்வுக்கூடத்தின் பின்பக்கம், ஜன்னல் இல்லாத இடம். காலையில் பழைய புட்டிகள் வரும். வெந்நீரில் ஊறவைத்துச் சீட்டைச் சுரண்டி எடுக்க வேண்டும், அமிலத்தில் அலசி, பிரஷ் விட்டுத் தேய்த்து, கவிழ்த்து வைக்க வேண்டும். நாள் முழுக்க நின்றுகொண்டே செய்கிற வேலை. குதிகால் வலி போன இடம் தெரியவில்லை, அதற்குப் பதிலாக முதுகு பிடித்துக்கொண்டது. மூன்றாவது மாதிரியின் முடிவு என்ன ஆயிற்று என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்கும் தகுதி இல்லை என்று நினைத்தேன். குப்பத்துக்குப் போய்ப் பார்க்கவும் துணிச்சல் இல்லை. எண்ணூர்ப் பக்கத்துச் சீட்டுகள் கைக்கு வரும்போது மட்டும் தண்ணீரில் போடுமுன் படிப்பேன். கால்வாய், கழிமுகம், கிணறு, கிணறு, கிணறு.

ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கும். ஒரு நாள் ஒரு புட்டியின் சீட்டில் அந்தக் குப்பத்தின் பெயர் இருந்தது. மாதிரி எடுத்த இடம் என்ற வரியில் 'தெருக்குழாய்' என்று எழுதியிருந்தது. நான் அதைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். புட்டியின் அடியில் ஒரு விரற்கடை தண்ணீர் மிச்சம் இருந்தது. நிறமில்லை, வளையமில்லை. முகர்ந்து பார்த்தேன், நாற்றமும் இல்லை.

எனக்குப் பதிலாக வெளிவேலைக்குப் போனவன் சின்ன வயதுக்காரன், புலம்பல் பேர்வழி. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அவனைப் பிடித்து, அந்தக் குழாயில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று ஒன்றும் தெரியாதவன் மாதிரி விசாரித்தேன். காலையில் ஒரு மணி நேரம் வருமாம். பிறகு அவன் தன் கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பித்தான். அந்தக் குப்பத்தில் ஒரு பெண்பிள்ளை இருக்கிறாளாம். கிணற்றுக்குப் போனாலும் சரி, குழாய்க்குப் போனாலும் சரி, கூடவே வந்து நிற்பாளாம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைந்து களைத்துப் போய், கொஞ்சம் பிடித்துக் கொடு என்று புட்டியை நீட்டினால், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வாளாம்.

"தொடவே மாட்டேங்குறா சார். 'நீயே வந்து உன் கையால புடி நைனா'ன்னு நிக்கறா. வெயில்ல நாக்கு வறண்டு போகுது, ஒரு வாய் தண்ணி கேட்டா, மொதல்ல பாட்டில மூடிக் கட்டுங்கறா."

"கட்டினப்புறம் குடுத்தாளா?" என்று கேட்டேன்.

"குடுத்தா, ரெண்டு டம்ளர்" என்றான்.

நான் எழுந்து உள்ளே போய், அந்தப் புட்டியில் மிச்சம் இருந்ததைக் குடித்தேன். பிறகு சீட்டை ஊறப்போட்டேன்.